கல்யாண மண்டபத்தில் ஒற்றை விசில்

தப்பு யார் மேல் என்று கண்டுபிடிப்பதில் எனக்கு இருபத்தாறு வருட அனுபவம். நான் ஒரு நடுநிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியை. பென்சிலை எடுத்தவன் யார், தண்ணீரைக் கொட்டியவள் யார், "டீச்சர், இவன்தான் மொதல்ல தள்னான்" என்கிறபோது அந்த "மொதல்ல" எவ்வளவு தூரம் உண்மை, இதையெல்லாம் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். முந்திக்கொண்டு பேசுகிறவன் மேல்தான் பாதி நேரம் தப்பு இருக்கும். இந்தத் திறமையில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்று நான் சொல்கிறேன், என் வீட்டுக்காரரைக் கேட்டால் வேறு அளவு சொல்வார்.

கார் ஓட்டக் கற்றுக்கொண்டது நாற்பத்தேழு வயதில். செஞ்சியில் கார் ஓட்டுவது ஒன்றும் பெரிய காரியமில்லை, நிறுத்துவதுதான் பெரிய காரியம். கோட்டையைப் பார்க்க வெளியூர் வண்டிகள் பெருகியதிலிருந்து திருவண்ணாமலை ரோட்டில் ஒரு ஆடு படுக்க இடமில்லை. அதனால் எங்கே போனாலும் பின்னால் வந்துதான் நிறுத்த வேண்டும், பின்னால் வந்துதான் எடுக்க வேண்டும். நான் காதால் ரிவர்ஸ் எடுக்கிறவள். யாராவது பின்னால் நின்று "வா, வா, ஒடிச்சி வா" என்றால் வருவேன், வேண்டாம் என்றால் நிற்பேன். கண்ணாடியைப் பார், திரையைப் பார் என்று பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். அதெல்லாம் மனிதர்கள் மேல் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு என்று நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்குக் காரை நானே கழுவி, நானே பொட்டு வைத்தேன். முன்பக்கம் முடித்துப் பின்பக்கம் வந்தால், பம்பரில் நாலு சின்ன வட்டங்கள், அளந்து வைத்ததுபோல் சம இடைவெளியில். நம்பர் பிளேட்டுக்கு மேலே ஐந்தாவதாக ஒரு சின்னக் கண்ணாடி வட்டம். பொட்டு வைப்பதற்கென்றே கம்பெனிக்காரன் இடம் விட்டிருக்கிறான் என்று மனதார மெச்சினேன். ஐந்திலும் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். கணக்கு டீச்சர் வைத்த பொட்டு, ஒன்றுகூடக் கோணலில்லை. வீட்டுக்காரர் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "லட்சணமா இருக்குது" என்றார். பூஜைப் பொட்டை யாரும் துடைக்க மாட்டார்கள், தானாக உதிரும்வரை இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

மறுநாளிலிருந்து ரிவர்ஸ் போட்டால் கார் கத்த ஆரம்பித்தது. பின்னால் ஒரு ஈ, எறும்பு இருக்காது, ஆனாலும் பீப் பீப் என்று விடாமல் கத்தும். திரையில் பார்த்தால் ஒரே காவி நிறம். மிஷினுக்கு வயசாகிறது என்று நினைத்து, பாட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டேன்.

பதினைந்து நாள் கழித்து, ஐப்பசி முகூர்த்தத்தில், என் அண்ணன் மகனுக்குக் கல்யாணம். பெண் அவலூர்பேட்டைப் பக்கம். நான் மாப்பிள்ளைக்கு அத்தை. அத்தை என்றால் சாதாரணமில்லை. பதினோரு தட்டுச் சீர் எடுத்துப் போயிருந்தேன். மேடையில் அந்தத் தட்டுகளை எங்கே வைத்தார்கள் தெரியுமா? நாற்காலிக்குப் பின்னால். போட்டோவில் என் தட்டு ஒன்றுகூட விழவில்லை. தாலி கட்டும்போது அட்சதையைப் போட்டேனே தவிர, என் கண் அந்தத் தட்டுகள் மேலேயே இருந்தது. சாப்பிட்டேன், கை கழுவினேன், தாம்பூலப் பை வாங்கினேன், எல்லாம் அதே கோபத்தோடு.

மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு காலி மனைதான் வண்டி நிறுத்தும் இடம். இரண்டு வரிசையாக முதுகுக்கு முதுகு நிறுத்தி, நடுவில் ஒரு சந்து விட்டிருப்பார்கள். அங்கே ஒரு வாட்ச்மேன். ஐம்பதைத் தாண்டியவர். முன்பு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், படியிலிருந்து தவறி விழுந்ததில் ஒரு கால் சரியாக ஊன்றாமல் போய், இந்த வேலைக்கு வந்திருந்தார். பஸ் போனாலும் விசில் அவரை விட்டுப் போகவில்லை. பஸ் சட்டத்தையே மனைக்கும் கொண்டுவந்துவிட்டார்: இரண்டு விசில் என்றால் வா, ஒரு விசில் என்றால் நில். செஞ்சியில் அந்த மண்டபத்துக்கு வந்துபோகிற எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

காரில் ஏறி உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் பக்கத்தில் இரண்டு தாம்பூலப் பைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பின்னாலிருந்து இரண்டு விசில் வந்தது. ரிவர்ஸ் போட்டேன். கார் கத்தியது. நானும் கத்தினேன்.

"நாற்காலிக்குப் பின்னால வெக்கிறதுக்கா பதினோரு தட்டு எடுத்துட்டு வந்தேன்? நீங்களாவது ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கல்யாணத்துல எதுக்குமா..." என்று அவர் ஆரம்பித்தார்.

அப்போது ஒற்றை விசில் வந்தது. நீளமாக, தெளிவாக. அதை நான் கேட்டேன். கேட்டதும் என் மனது என்ன சொன்னது என்பதையும் மறக்கவில்லை: இது எனக்கில்லை, எதிர் வரிசைக்காரருக்கு. நில் என்று யாராவது சொன்னால் அது எப்போதும் அடுத்தவருக்குத்தான் என்று நினைக்கிற ரகம் நான். காலை எடுக்கவில்லை. அடுத்த நொடி "டமார்" என்று ஒரு சத்தம், தாம்பூலப் பையிலிருந்த தேங்காய் உருண்டு கீழே விழுந்தது.

இறங்கிப் பார்த்தால், எதிர் வரிசையிலிருந்து பின்னால் வந்துகொண்டிருந்த ஒரு பெரிய வெள்ளைக் கார் பாதி வழியில் நின்றிருந்தது. நின்ற காரின் பின்பக்கக் கதவில் என் பம்பர் நன்றாக உட்கார்ந்திருந்தது. அதன் பின்விளக்கு உடைந்து சந்தில் சிவப்பாகச் சிதறிக் கிடந்தது. வெள்ளைக் காரிலிருந்து இறங்கியவரைப் பார்த்தேன். பெண்ணின் தாய்மாமன். அவலூர்பேட்டையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டி வைத்திருக்கிறவர். தாலி ஏறி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, மாப்பிள்ளையின் அத்தை பெண்ணின் தாய்மாமனை இடித்துவிட்டாள்.

வேறு நாளாக இருந்தால் எங்கள் ஊரில் இதற்கு நடப்பது வேறு. கண்ணை மூடிக்கொண்டு ஓட்றியா என்று தொடங்கி, பாட்டன் முப்பாட்டன்வரை போய்வந்திருப்பார்கள். அன்று நடந்தது விசித்திரம். இரண்டு பக்கத்து ஆட்களும் மண்டபத்திலிருந்து ஓடிவந்தார்கள், சண்டை போடுவதற்கு அல்ல, தப்பை ஏற்றுக்கொள்வதற்கு.

"தப்பு எங்க மேலதாங்க. நான் கொஞ்சம் முன்னாடி எடுத்திருக்கணும்" என்றார் தாய்மாமன்.

"ச்சே ச்சே, இன்னாங்க நீங்க! எங்க தங்கச்சிதான் பாக்காம வந்துட்டா" என்றார் என் அண்ணன்.

"அப்டி சொல்லாதீங்க சம்மந்தி. எங்க வண்டி பெருசு. அத இங்க உட்டதே தப்பு."

வாய் இப்படிப் பேச, கண்கள் எல்லாம் உடைந்த விளக்கின் மேலும் நசுங்கிய கதவின் மேலும் போய்ப்போய் வந்தன. தப்பை யாரும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். என் இருபத்தாறு வருட அனுபவத்தில் இப்படி ஒரு வழக்கு வந்ததில்லை. இது எங்கே போய் முடியும் என்று தெரியாமல் நின்றபோது, கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல. வாட்ச்மேன் ஒயுங்கா பாத்திருந்தா இது ஏன் ஆவுது?"

எல்லோர் முகமும் ஒரே நேரத்தில் தெளிந்தது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பது இதுதான். இரண்டு குடும்பமும் அன்று முதன்முதலாக ஒரே கருத்துக்கு வந்தது.

வாட்ச்மேன் காலை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்: "டீச்சர், ஒரு விசிலு குடுத்தேனே. அந்த ஐயா நின்னுட்டாரு பாருங்க."

கூட்டம் மொத்தமும் என்னைப் பார்த்தது. அண்ணி பார்த்தாள், பெண் வீட்டுப் பெண்கள் பார்த்தார்கள்.

"எனக்குக் கேக்கலியே" என்றேன்.

"கெட்டிமேளம், பாட்டுக் கச்சேரின்னு உள்ள அவ்ளோ சத்தம். யாருக்கு இன்னா கேக்கும்?" என்று தாய்மாமனும் சொன்னார். கெட்டிமேளம் முடிந்து எவ்வளவு நேரமாயிற்று என்று யாரும் கேட்கவில்லை. விசில் கேட்டு நின்ற மனிதரே விசில் கேட்கவில்லை என்றபிறகு பேச என்ன இருக்கிறது? வாட்ச்மேன் உடைந்த விளக்குத் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். நான் தேங்காயைப் பொறுக்கிக்கொண்டு காரில் ஏறினேன்.

இது இதோடு போயிருந்தால் ஒரு பொய்யோடு போயிருக்கும். நான் அரசாங்க ஊழியை. எனக்கு எதுவும் காகிதத்தில் வர வேண்டும்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒரு பெண் மிக மரியாதையாகப் பேசி, ஒரு படிவம் அனுப்பினாள். அதில் ஒரு கேள்வி: விபத்து எப்படி நடந்தது என்பதை உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதவும். சொந்த வார்த்தைகளில் என்று என்னிடம் கேட்கலாமா? முன்னுரை, பொருளுரை, முடிவுரையோடு ஒன்றரைப் பக்கம் எழுதினேன். முன்னுரையில் முகூர்த்த நாளின் நெரிசல் வந்தது. பொருளுரையில் வாட்ச்மேனின் கவனக்குறைவு வந்தது. முடிவுரையில் என் தரப்பில் யாதொரு தவறும் இல்லை என்பது வந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நான் அதைக் கோடு போட்ட தாளில் எழுதினேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

எழுதியபிறகு ஒரு சந்தேகம். வெறும் வாய்ச்சொல்லை யார் நம்புவார்கள்? ஆதாரம் வேண்டாமா? தப்பு யார் மேல் என்று நிரூபித்தால்தானே காசு தருவார்கள்? மறுநாள் பள்ளி விட்டதும் மண்டபத்துக்குப் போனேன். முதலாளியிடம், "உங்க வாட்ச்மேன் தப்பா வழி காட்டிட்டாருன்னு ஒரு லெட்டர் வேணும். லெட்டர்பேட்ல, சீல் வெச்சி" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "சீல் வேணுமா டீச்சர்?"

"சீல் இல்லாத லெட்டர் லெட்டரா?"

நாலு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, சீலை மையில் ஒற்றி நன்றாக அழுத்தி வைத்துக் கொடுத்தார். வட்ட சீல், எழுத்து ஒன்றுகூட மங்கவில்லை. திருப்தியாக வாங்கி ஃபைலில் வைத்தேன்.

நாலாம் நாள் திண்டிவனத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காரை விட்டிருந்தோம். கம்பெனி சார்பாகச் சேதத்தைப் பார்க்க சர்வேயர் வருவார் என்றார்கள். மீசைகூட ஒழுங்காக முளைக்காத ஒருவர் வருவார் என்று நினைத்திருந்தேன். வந்தவர் நாற்பது வயதுக்காரர், விழுப்புரத்திலிருந்து பைக்கில் வந்து ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே போட்டோ எடுக்க ஆரம்பித்தார். முன்னால், பின்னால், பக்கவாட்டில், நம்பர், மீட்டர். பிறகு குனிந்து, பம்பரில் உடையாமல் இருந்த ஒரு வட்டத்தை நகத்தால் சுரண்டினார். சந்தனம் பொருக்காக உதிர்ந்தது.

"இன்னா மேடம் இது?"

"பொட்டு. ஆயுத பூஜைக்கு வெச்சது."

"சென்சார் மேலயா?"

அவர் நம்பர் பிளேட்டுக்கு மேலே இருந்த கண்ணாடி வட்டத்தையும் சுரண்டினார். "கேமராவுக்கும் வெச்சிட்டீங்க." இதற்கு மேல் அவரால் முடியவில்லை, ஹெல்மெட்டுக்குள்ளேயே சிரித்தார். "கோச்சிக்காதீங்க. ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் நடுவுல இந்த மாதிரி கேஸு நெறைய பாப்பேன். கண்ண கட்டிட்டு அது மேல பொட்டு வெச்சா வண்டி இன்னா பண்ணும்?"

ஒர்க்‌ஷாப் ஆட்களும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை, ஆனால் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மானம் போனாலும் ஆதாரம் இருக்கிறதே என்று நான் ஃபைலைத் திறந்து, சீல் வைத்த கடிதத்தை எடுத்து நீட்டினேன்.

அவர் படித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி படித்தார். "இது எதுக்கு மேடம்?"

"தப்பு யார் மேலன்னு காட்டறதுக்கு."

"அத யாரு கேட்டாங்க?"

அப்போதுதான் அவர் விளக்கினார். நான் எடுத்திருப்பது முழு இன்சூரன்ஸ். என் வண்டிக்கு என் கம்பெனி செலவு செய்யும், தாய்மாமன் வண்டிக்கு அவருடைய கம்பெனி செலவு செய்யும். லைசென்ஸ் இருந்ததா, குடித்திருந்தேனா, இதுதான் கேள்வி. மனையில் மெதுவாக இடித்துக்கொண்ட இரண்டு காருக்கு, தப்பு என் மேலா, எதிரி மேலா, வாட்ச்மேன் மேலா என்பது வேண்டாத விஷயம். "பின்னாடி எடுக்கும்போது இடிச்சிட்டேன்னு ஒரே வரி எழுதியிருந்தா போதும். நீங்க ஒன்றரப் பக்கம் எழுதியிருக்கீங்க. நல்லாத்தான் இருக்குது, ஆனா வேணாம். இந்த லெட்டரயும் நீங்களே வெச்சிக்கோங்க."

என் வாழ்க்கையில் திருத்திய பரீட்சைத் தாள் ஒன்று இப்படி என் கைக்கே திரும்பி வந்தது அதுதான் முதல்முறை. ஒரே வரி போதும். கம்பெனிக்கு வேண்டாம், தாய்மாமனுக்கு வேண்டாம். அப்படியானால் அந்தப் பழி யாருக்காக? எனக்காக மட்டும்தான். என் மூஞ்சிக்காக.

பஸ்ஸில் திரும்பி வரும்போது, வீட்டுக்காரரை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு நான் மண்டபத்தருகே இறங்கினேன். கடிதத்தை முதலாளியிடம் கொடுத்துவிடலாம் என்றுதான். மனையில் வேறொரு ஆள் நின்றுகொண்டிருந்தான், விசில் இல்லை, கையைத்தான் ஆட்டினான். உள்ளே போய் முதலாளியிடம், பழைய வாட்ச்மேன் எங்கே என்று கேட்டேன்.

"நிறுத்திட்டேன் டீச்சர்."

"ஏன்?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இன்னா டீச்சர் இப்டி கேக்கறீங்க? அவன் தப்பா வழி காட்டிட்டான்னு நானே எழுதி சீல் வெச்சி குடுத்திருக்கேன். அப்புறமும் அவனையே நிக்க வெச்சா நாளைக்கு எவனாவது கேஸு போட்டா நான் இன்னா பதில் சொல்றது?"

கடிதம் என் கைப்பையிலேயே இருந்தது. அதைக் கொடுக்காமலேயே வெளியே வந்துவிட்டேன். கால் சரியில்லாத ஒரு மனிதர், நின்றுகொண்டு விசிலடிக்க மட்டும் முடிந்த ஒரு வேலை, அதையும் நான் சீல் வைத்து வாங்கிவிட்டேன். அன்றைக்கு நாள் முழுக்க என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விசில் எனக்குக் கேட்டது என்பதையும் சொன்னேன். அவர் சாவதானமாக, "எனக்கும்தான் கேட்டுது" என்றார்.

"அப்ப அன்னிக்கே ஏன் சொல்லல?"

"நீ கேக்கலன்னு சொன்னதுக்கப்புறம் எனக்கு மட்டும் எப்படிக் கேக்கும்?"

இருபத்து நாலு வருடக் குடும்ப வாழ்க்கை அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. கோபப்பட முயன்றேன், முடியவில்லை.

தாய்மாமனுக்குப் போன் செய்தேன். அதுதான் கஷ்டம். மாப்பிள்ளை வீட்டு அத்தை பொய்க்காரி என்று பெண் வீட்டுக்குத் தெரிந்தால் ஆயுசுக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்களே என்ற பயம் வேறு. விசில் கேட்டது, தப்பு என் மேல்தான் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். மறுமுனையில் சிரிப்பு.

"தெரியுமே சம்மந்தி. நான் நின்னேன் இல்ல? கேட்டுத்தானே நின்னேன்."

"அப்ப நீங்க ஏன்..."

"பொண்ணு குடுத்திருக்கிற எடம். மொத நாளே உங்கள பொய்க்காரின்னு சொல்ல முடியுமா?" பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அந்த ஆள வேலைய விட்டு நிறுத்திட்டாங்களா? அய்யோ, அது தெரியாதே. நான் மண்டபத்துக்காரர்கிட்ட பேசறேன். நீங்க மொதல்ல அந்த ஆளப் போய் பாருங்க" என்றார்.

வல்லம் பக்கம் வாட்ச்மேன் வீடு என்று விசாரித்துப் போனால், கமிட்டிக்குப் போயிருக்கிறார் என்றார்கள். எங்கள் ஊரில் கமிட்டி என்றால் விளைபொருள் ஏலம் போகும் கூடம். மூட்டைகள் தலைக்கு மேல் அடுக்கியிருந்தன. தூக்குகிற வேலை அவரால் ஆகாது என்பதால் மூட்டையின் வாயைத் தைக்கிற வேலையில் உட்கார்ந்திருந்தார். அதற்கும் மூட்டைக்கு மூட்டை எழுந்து நகர வேண்டும். நான் பார்க்கும்போது ஒரு மூட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கெட்ட காலை அடுத்த இடத்தில் எடுத்து வைத்து, மறுபடி உட்கார்ந்தார். அவரைச் சுற்றி எடை போடுகிறவர்கள், வியாபாரிகள், விவசாயிகள் என்று பத்து இருபது பேர் இருந்தார்கள்.

மண்டபத்தில் அவரை நான் "இன்னாப்பா" என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். இப்போது வேறு மாதிரி வந்தது. "உங்களப் பாக்கத்தான் வந்தேங்க. தப்பு என் மேலதான். மன்னிச்சிடுங்க. மண்டபத்துல பேசியாச்சி, திரும்ப வாங்க."

அவர் கோணி ஊசியை மூட்டையில் குத்தி நிறுத்தினார். கோபமாகப் பேசவில்லை.

"நான் விசிலு அடிச்சேனா இல்லியா டீச்சர்? அத மட்டும் சொல்லுங்க."

"அடிச்சீங்க."

"கேட்டுச்சா?"

"கேட்டுது."

"மொதலாளி வேலைக்கு வான்னுதான் சொல்லுவாரு. அது பெருசில்ல. முப்பது வருசமா விசிலு அடிக்கிறேன். பஸ்ஸுல, மண்டபத்துல, ஒரு ஆளு மேல இடிச்சதில்ல. இப்ப ஊருல தப்பா அடிச்சவன்னு சொல்றாங்க. நீங்க லெட்டர் வாங்கனீங்க இல்ல? எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க. சீல் இருந்தா அதயும் வெச்சி."

பள்ளிச் சீலைச் சொந்தக் காரியத்துக்கு வைக்க முடியாது என்று சொன்னேன். சொல்லும்போதே எவ்வளவு கேவலமாக இருந்தது என்று தெரிந்தது. ஒரு வியாபாரியிடம் வெள்ளைத்தாள் வாங்கி, மூட்டையின் மேல் வைத்து எழுதினேன். முன்னுரை இல்லை, முடிவுரை இல்லை. அவர் ஒற்றை விசில் அடித்தார், அது என் காதில் விழுந்தது, நான் நிற்கவில்லை, தப்பு என்னுடையது. கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. "படிச்சிக் காட்டுங்க."

"உங்களுக்குப் படிக்கத் தெரியுமே."

"தெரியும். இவங்களுக்கும் கேக்கட்டும்."

தராசுக்காரர் தராசை நிறுத்திவிட்டார். ஏலத்துக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் என் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் அப்பாக்கள் இரண்டு பேராவது இருந்தார்கள். மண்டபக் கடிதம் என் பையில் இருந்தது, அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, கையிலிருந்ததைப் படித்தேன். வகுப்பில் தமிழ் படிக்கத் திணறுகிற பையனை நான் எத்தனை தடவை "சத்தமா, சத்தமா" என்று அதட்டியிருப்பேன்! என் குரல் மூன்றாவது சொல்லுக்கே கம்மிவிட்டது.

"சத்தமா டீச்சர், பின்னாடி கேக்கல" என்றார் யாரோ.

சத்தமாகப் படித்தேன். முடிந்ததும் அவர் தாளை வாங்கி, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நன்றி சொல்லவில்லை, ஏன் சொல்ல வேண்டும்? "அந்த மூட்டய நவுத்துப்பா" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு ஊசியை எடுத்தார். இரண்டு நாளில் மண்டபத்து வேலைக்குத் திரும்பிவிட்டார் என்று வீட்டுக்காரர் வந்து சொன்னார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகையில் எங்கள் பள்ளி ஆசிரியை ஒருத்தியின் மகளுக்கு அதே மண்டபத்தில் கல்யாணம். கார் புது பம்பரோடு வந்திருந்தது. சாப்பிட்டு முடித்து மனைக்கு வந்தேன். அவர் அங்கே நின்றிருந்தார், கழுத்தில் விசில். என்னைப் பார்த்து, "சாப்டீங்களா டீச்சர்?" என்றார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. எனக்கு முன்னால் ஒரு கார் புறப்பட்டது. இரண்டு விசில், "வா, வா, ஒடிச்சி வா", ஒரு விசில், மறுபடி இரண்டு விசில். கார் அழகாக வெளியே போயிற்று.

என் முறை வந்தது. ரிவர்ஸ் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். விசில் வரவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து, இரண்டு கையாலும் நேராகப் பிடித்து, என் காரை வீடியோ எடுக்க ஆரம்பித்தார். பிறகுதான் இரண்டு விசில் வந்தது.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். இதே ஒரு மாதம் முன்பாக இருந்தால் கதவைத் திறந்து இறங்கியிருப்பேன். யாரைப் பார்த்து என்ன வேலை செய்கிறாய் என்று ஒரு பிடி பிடித்திருப்பேன். அன்று எனக்கு இறங்க யோக்கியதை இல்லை. வெட்கமாக இருந்தது. ஆனாலும் அவர் செய்ததுதான் சரி என்று எனக்குத் தெரிந்திருந்தது.

ஒற்றை விசில் வந்தபோது நின்றேன். இரண்டு வந்தபோது நகர்ந்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டே கூடவே நடந்து, கார் ரோட்டில் ஏறும்வரை எடுத்துக்கொண்டிருந்தார்.